கையெழுத்தா, முறைப்பாடா, நியாய சபையா? இலங்கையில் திடீரென வேலை போகும்போது எந்த வழி?

"இராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். திங்கட்கிழமை வரை நேரம் தந்திருக்கிறார்கள். போடவா, வேண்டாமா?"

கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் தங்கை ஒருத்தி கேட்டாள். கொழும்பில் மென்பொருள் கம்பனியில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டார். வவுனியாவில் ஒரு நிதி நிறுவனக் கிளையின் முகாமையாளரும் கேட்டார். ஆட்கள் வேறு, சம்பளம் வேறு, கேள்வி ஒன்றுதான்.

இதைப் பற்றித் தமிழில் தேடினால் பெரும்பாலும் இந்தியச் சட்டம்தான் வந்து நிற்கிறது. அங்கே ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் நீங்கள் வருகிறீர்களா என்பதிலேயே பாதி வழக்கு ஓடிவிடும், நிர்வாகப் பதவியில் இருப்பவர் வெளியே நிற்க வேண்டியதுதான். இங்கே அப்படி இல்லை. எந்தப் பதவியில் இருந்தாலும், வேலை ஒப்பந்தத்தின் கீழ் உழைப்பவர் சட்டத்தின் கண்ணில் வேலையாள். முகாமையாளருக்கும் தேநீர் போடுபவருக்கும் அதே சட்டம். ஆகவே சென்னைக்காரர் எழுதிய அறிவுரையை வைத்துக்கொண்டு கொழும்பில் முடிவெடுக்காதீர்கள்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் ஒரு தனியார் கம்பனியின் சம்பளப் பிரிவில் பல வருடம் இருந்தேன். மற்றவர்களுக்குக் கொடுத்த அந்த இராஜினாமாக் கடிதங்களில் சிலவற்றை நானே அடித்திருக்கிறேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி என்று மூன்று இடம் மட்டும் வெறுமையாக இருக்கும். ‘எனது சொந்த விருப்பத்தின் பேரில்’ என்ற வரி எல்லாவற்றிலும் இருக்கும். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அதே கடிதம் என் முன்னாலும் வந்தது. வரியைக்கூட மாற்றவில்லை, நான் அடித்த மாதிரியேதான் இருந்தது. மேசையில் பேனா, பக்கத்தில் ஒரு பெட்டி டிஷ்யூ. வெளியே வந்தபோது வாசல் கதவுக்கு என் அட்டையைக் காட்டினேன், பச்சை விளக்கு எரியவில்லை.

கம்பனிக்கு உங்கள் கையெழுத்து ஏன் அவ்வளவு தேவை?

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் இலகு. 1971-ஆம் ஆண்டின் 45-ஆம் இலக்கச் சட்டம், அதாவது வேலையாட்களின் சேவையை முடிவுறுத்துவது பற்றிய சட்டம், ஒரு தொழில்தருநர், அதாவது முதலாளி, ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறெந்தக் காரணத்துக்காகவும் ஒருவரை நிறுத்துவதற்கு இரண்டே இரண்டு வழிகளை விட்டிருக்கிறது. ஒன்று, அந்த வேலையாளின் முன்கூட்டிய எழுத்துமூலச் சம்மதம். மற்றது, தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன்கூட்டிய எழுத்துமூல அனுமதி. இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அந்த நிறுத்தம் சட்டவிரோதம், செல்லுபடியாகாது. சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது.

ஆணையாளரிடம் போனால் விசாரணை வைப்பார்கள், கணக்குக் கேட்பார்கள், நட்டஈடு தீர்மானிப்பார்கள். உங்களிடம் வந்தால் ஒரு பேனாவோடு விஷயம் முடிந்தது. கம்பனி எந்த வழியை விரும்பும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் கையெழுத்துக்கு ஒரு விலை இருக்கிறது. கொடுப்பதா இல்லையா என்பது பிறகு, முதலில் விலையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வழியைத் தேர்வதற்கு முன் மூன்று கேள்விகள்

ஒன்று, உங்கள் நிறுவனத்தில் எத்தனை பேர்? கடந்த ஆறு மாதத்தில் சராசரியாக 15 பேருக்குக் குறைவாக இருந்திருந்தால் 45-ஆம் இலக்கச் சட்டம் உங்களுக்கு இல்லை.

இரண்டு, எவ்வளவு காலம் வேலை செய்தீர்கள்? தொடர்ச்சியான 12 மாதத்தில் குறைந்தது 180 நாட்கள் வேலை செய்திருக்க வேண்டும்.

மூன்று, காரணம் என்ன சொன்னார்கள்? ஓர்டர் இல்லை, நட்டம், மறுசீரமைப்பு, பதவியே இனி இல்லை என்றால் அது ஆட்குறைப்பு, 45-ஆம் இலக்கச் சட்டத்தின் வழி. களவு, ஒழுங்கீனம், மேலதிகாரியோடு சண்டை என்றால் ஒழுக்காற்று நடவடிக்கை, அதற்குத் தொழில் நியாய சபை (Labour Tribunal). ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நிறுத்தினால், நிறுத்திய பிறகு இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. வாயால் ஒரு காரணம், கடிதத்தில் வேறொரு காரணம் என்றால் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. "இப்போதைக்கு வீட்டில் இருங்கள், ஓர்டர் வந்ததும் கூப்பிடுகிறோம்" என்று சம்பளமில்லாமல் அனுப்புவதும் இந்தச் சட்டத்தின்படி சேவை முடிவுறுத்தல்தான். தற்காலிகமாக வேலை கொடுக்காமல் விடுவதும், நிறுவனத்தை மூடிவிடுவதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும்.

எதை வைத்து எடை போடுவது?

கையில் வரும் மொத்தப் பணம் எல்லாரும் முதலில் பார்ப்பது. நான் அதை மூன்றாவதாக வைப்பேன். முதலாவது, திரும்பி வர முடியாத முடிவா என்பது. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி, வேறொரு சட்டப் பரிகாரத்தை முதலில் நாடியவருக்குப் பிறகு நியாய சபையின் கதவு திறக்காது. நியாய சபையில் விசாரித்து முடிந்த விஷயத்துக்கு வேறு பரிகாரமும் கிடையாது. முதலில் எந்தக் கதவைத் தட்டுகிறீர்கள் என்பது அவ்வளவு முக்கியம்.

இரண்டாவது, நிரூபிக்கும் பாரம் யார் தலையில் என்பது. "நாங்கள்தான் நிறுத்தினோம்" என்று கம்பனி ஒப்புக்கொண்டால் அது நியாயமானது என்று அவர்கள்தான் காட்ட வேண்டும். "அவராகவே போனார்" என்று அவர்கள் சொன்னால், இல்லை, நிறுத்தினார்கள் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். ஒரு இராஜினாமாக் கடிதம் இந்தப் பாரத்தை அப்படியே தூக்கி உங்கள் தோளில் வைத்துவிடும்.

மூன்றாவதுதான் பணம். நாலாவது, வீட்டு வாடகையும் லீசிங் தவணையும் எத்தனை மாதம் பொறுக்கும் என்பது. கடைசியாக, உங்களுக்கு வேலை வேண்டுமா, பணம் வேண்டுமா? இதை மனதைத் தொட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். "வேலைதான் வேண்டும்" என்று என்னிடம் சொன்ன பலர், ஒரு வாரம் கழித்து "அந்த ஆட்களின் முகத்தில் இனி முழிக்க முடியாது" என்றார்கள்.

| | கையெழுத்து | பேரம் | ஆணையாளரிடம் முறைப்பாடு | தொழில் நியாய சபை |
|---|---|---|---|---|
| யாருக்குத் திறந்திருக்கிறது | எல்லாருக்கும் | எல்லாருக்கும் | 15 பேரும் 180 நாளும் இருந்தால், ஒழுக்காற்று அல்லாத காரணத்துக்கு | சிறிய நிறுவனம், ஒழுக்காற்று நீக்கம் உட்பட |
| காலக்கெடு | கம்பனி சொல்லும் நாள் | ஆறு மாதத்தைத் தாண்டக்கூடாது | நிறுத்திய நாளிலிருந்து 6 மாதம் | நிறுத்திய நாளிலிருந்து 6 மாதம் |
| கிடைக்கக்கூடியது | பேசிய தொகை | கூடிய தொகை, நல்ல சேவைச் சான்றிதழ் | மீண்டும் வேலை, நிலுவைச் சம்பளம். மூடிவிட்டால் நட்டஈடு | மீண்டும் வேலை அல்லது நட்டஈடு |
| செலவு | இல்லை என்று தோன்றும் | சட்டத்தரணியின் கடிதக் கூலி | கட்டணம் இல்லை | சட்டத்தரணி, போக்குவரத்து, வருடங்கள் |
| திரும்பி வரலாமா | மிகக் கடினம் | வரலாம் | ஓரளவு | முடிந்தால் முடிந்ததுதான் |

கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்குவது

இதன் பலம் வேகம். அடுத்த மாதம் பணம் கைக்கு வரும், மனக்கசப்பு குறைவு, சேவைச் சான்றிதழ் ஒழுங்காகக் கிடைக்கும். வேறு வேலை ஏற்கெனவே கையில் இருப்பவருக்கும், வெளிநாடு போகவிருப்பவருக்கும் இதுதான் நல்லது. வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மறைந்திருக்கும் செலவு கணக்கில் இருக்கிறது. ஒரு உதாரணம் பார்ப்போம். மாதச் சம்பளம் 80,000 ரூபாய், 8 வருடச் சேவை. கம்பனி "ஐந்து இலட்சத்து அறுபதாயிரம் தருகிறோம்" என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. பிரித்துப் பாருங்கள்.

1983-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) சட்டத்தின்படி, 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் 5 வருடம் முடித்த மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு முழு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் வர வேண்டும். 40,000 பெருக்கல் 8 என்றால் 320,000. இது நீங்கள் இராஜினாமாச் செய்தாலும் உங்களுடையது, 30 நாளுக்குள் தர வேண்டும், பிந்தினால் மேலதிகத் தொகையும் கட்ட வேண்டும். ஒப்பந்தப்படி ஒரு மாத அறிவித்தல் சம்பளம் 80,000, அதுவும் உங்களுடையதே. மிச்சம் 160,000. உங்கள் கையெழுத்துக்கு அவர்கள் போட்டிருக்கும் விலை இரண்டு மாதச் சம்பளம்!

இப்போது மறுபக்கம். ஆணையாளர் நட்டஈடு கணக்கிடுவதற்கு வர்த்தமானியில் வந்த ஒரு சூத்திரம் இருக்கிறது. முதல் 5 வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம், 6 முதல் 14 வரை 2 மாதம், 15 முதல் 19 வரை ஒன்றரை, 20 முதல் 24 வரை ஒன்று, 25 முதல் 34 வரை அரை மாதம். உச்சம் 48 மாதம். நம் உதாரணத்தில் பன்னிரண்டரையும் ஆறும் சேர்ந்து பதினெட்டரை மாதம், அதாவது 14 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாய். பணிக்கொடை இதற்கு வெளியே. கம்பனி ஆணையாளரிடம் முறையாக அனுமதி கேட்டுப் போயிருந்தால் ஏறத்தாழ இந்தக் கணக்கைத்தான் சந்தித்திருக்கும். 160,000 எங்கே, 1,480,000 எங்கே!

ஆனால் அந்தச் சூத்திரத்துக்கு ஒரு கூரையும் உண்டு. 2021-இல் அது பன்னிரண்டரை இலட்சத்திலிருந்து 25 இலட்சமாக உயர்த்தப்பட்டது. மாதம் 3 இலட்சம் வாங்கும் ஒருவர் 6 வருடம் இருந்திருந்தால் சூத்திரப்படி 43 இலட்சத்து 50 ஆயிரம் வரும், கூரை அதை 25 இலட்சத்தில் நிறுத்திவிடும். இது எட்டு மாதச் சம்பளத்தை விடச் சற்றே அதிகம். அவருக்குக் கம்பனி பத்து மாதச் சம்பளம் தருகிறேன் என்றால், என் கண்ணில் அவர் போட்டுவிடலாம். அந்த வவுனியா முகாமையாளருக்கு நான் இதைத்தான் சொன்னேன், அவர் போட்டார். ஆடைத் தொழிற்சாலைத் தங்கைக்கு நேர்மாறாகச் சொன்னேன்.

கையெழுத்திடப் போகிறீர்கள் என்றால், தொகையில் பணிக்கொடை எவ்வளவு, அறிவித்தல் சம்பளம் எவ்வளவு, எஞ்சிய லீவுக்கு எவ்வளவு, நட்டஈடு எவ்வளவு என்று தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள். சேமலாப நிதிக்கு (EPF) உங்கள் 8 வீதமும் அவர்களின் 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு (ETF) அவர்களின் 3 வீதமும் கடைசி மாதம் வரை கட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். சில கம்பனிகள் அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் கட்டி, கொடுப்பனவுகளை விட்டுவிடும். அந்தக் கணக்கு நான் பார்த்த பிரிவிலும் நடந்தது, அப்போது எனக்கு வாய் வரவில்லை.

கையெழுத்திடாமல் பேரம் பேசுவது

நடுவில் ஒரு வழி இருக்கிறது என்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள். "கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. அடுத்த நாள் ஒரு மின்னஞ்சல்: என் விருப்பத்தின் பேரில் நான் விலகவில்லை, தொடர்ந்து வேலை செய்யத் தயாராக இருக்கிறேன், நிறுத்துவதாக இருந்தால் எழுத்தில் தாருங்கள். மூன்று வரி போதும். அதைச் சொந்த மின்னஞ்சலிலிருந்து அனுப்புங்கள், கம்பனி மின்னஞ்சல் நாளைக்கே பூட்டப்படலாம்.

இந்த மூன்று வரியில் ஒரு சட்டத்தரணியின் கடிதமும் சேர்ந்தால் தொகை மாறுவதை நான் சம்பளப் பிரிவு மேசையிலிருந்தே பார்த்திருக்கிறேன். முதலில் வந்த கோப்பில் இரண்டு மாதம் என்று இருக்கும். ஒருவர் கடிதம் அனுப்பியதும் அவருடைய வரியில் மட்டும் பென்சிலால் ஐந்து என்று திருத்தப்பட்டிருக்கும். பேசாமல் கையெழுத்திட்ட மற்ற பதினொரு பேருக்கும் இரண்டேதான்.

தொழிற்சங்கம் இருந்தால் இன்னும் பலம். மலையகத் தோட்டங்களில் இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அங்கே பெரும்பாலும் சங்கமே வழக்கையும் நடத்தும். கொழும்பு அலுவலகக்காரர்தான் சங்கம் என்றால் முகம் சுளிப்பார். சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தாலே சங்கத்தைப் பதிவு செய்யலாம். சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை நிறுத்துவது 1999-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி நியாயமற்ற தொழில் நடைமுறை, குற்றம்.

பேரத்தின் ஆபத்து நாட்காட்டி. "மேலிடத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம்" என்ற ஒரே பதிலில் நாலு மாதத்தை ஓட்டிவிடுவார்கள். ஆறு மாதக் கெடு பேச்சுவார்த்தைக்காக நிற்காது. நான் சொல்வது இதுதான்: மூன்றாவது மாத முடிவுக்குள் எழுத்தில் ஒரு தொகை வராவிட்டால் பேரம் முடிந்தது என்று வைத்துக்கொண்டு அடுத்த கதவுக்குப் போங்கள்.

தொழில் ஆணையாளரிடம் முறைப்பாடு

ஆட்குறைப்புக்கு இதுவே நேரடி வழி. தலைமையகம் நாரஹேன்பிட்டியில், மாவட்டங்களிலும் தொழில் அலுவலகங்கள் இருக்கின்றன. கட்டணம் கிடையாது. சட்டத்தரணி கட்டாயம் இல்லை. தமிழில் எழுதிக் கொடுக்கலாம், அது உங்கள் மொழி உரிமை. ஆனாலும் கொழும்பு விசாரணைகளில் பேச்சு சிங்களத்தில் ஓடும் என்பதை மனதில் வைத்து, மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது. கொள்கையளவில் தேவையில்லாத ஒரு ஏற்பாடுதான், நடைமுறையில் தேவைப்படுகிறது.

இங்கே கேள்வி சுருக்கமானது. சம்மதம் இருந்ததா, அனுமதி இருந்ததா? இரண்டும் இல்லை என்றால் கம்பனிக்கு நட்டம் வந்தது உண்மையா, மறுசீரமைப்பு அவசியமா என்ற கதைக்கெல்லாம் இடம் குறைவு. உண்மையாகவே நட்டமாக இருந்தாலும் அனுமதி கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். ஆணையாளர் மீண்டும் வேலையில் சேர்க்கவும், இடைக்காலச் சம்பளத்தைக் கொடுக்கவும் உத்தரவிடலாம். நிறுவனத்தையே மூடியிருந்தால் நட்டஈட்டுக்கு உத்தரவிடலாம். உத்தரவை மீறுவது குற்றம், நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும்.

இவ்வளவு பலமான வழியில் சறுக்கல் எங்கே? ஆணையாளரின் முடிவுக்கு மேன்முறையீடு கிடையாது. அதனால் வசதியான கம்பனிகள் முடிவை இரத்துச் செய்யும் எழுத்தாணை (writ) கேட்டு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகின்றன, அங்கே காலம் போகும். உங்களுக்கும் அங்கே சட்டத்தரணி வேண்டும், இலவசமாகத் தொடங்கியது அத்தோடு இலவசம் இல்லை. மற்றது, நீங்கள் கையெழுத்திட்ட ‘சொந்த விருப்ப’ கடிதம் அவர்களிடம் இருந்தால் அந்தச் சுருக்கமான கேள்வியின் முதல் பாதிக்கே பதில் போய்விடும்.

15 பேருக்கு மேல், ஒரு வருடத்துக்கு மேல் சேவை, காரணம் ஓர்டர் இல்லை, கையெழுத்திடவில்லை: இந்த நாலும் பொருந்தினால் இரண்டாவது யோசனை வேண்டாம். கட்டுநாயக்க, பியகம பக்கத்துத் தொழிற்சாலைகளில் பல பேரை ஒரே நாளில் நிறுத்தும்போது இதுதான் வழி. தனித்தனியாகப் போகாமல் ஒன்றாகப் போனால் தொழில் அதிகாரி கோப்பைத் திறக்கும் வேகமே வேறு.

தொழில் நியாய சபை

நிறுவனம் சின்னது, அல்லது உங்கள் மேல் ஏதோ குற்றம் சுமத்தி அனுப்பினார்கள் என்றால் நீங்கள் போக வேண்டிய இடம் இது. 1950-ஆம் ஆண்டின் 43-ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் இயங்குவது. நீதியும் ஒப்புரவுமான கட்டளையைத் தருவது அதன் கடமை. ஒப்பந்தத்தில் ‘ஒரு மாத அறிவித்தலோடு எப்போதும் நிறுத்தலாம்’ என்று இருந்தால்கூட, அந்த வரி நியாய சபையின் கையைக் கட்டாது. சாட்சியக் கட்டளைச் சட்டமும் அப்படியே கண்டிப்பாகக் கட்டுப்படுத்தாது. உங்களுக்காகச் சங்க அலுவலர் ஒருவரும் ஆஜராகலாம்.

15 பேருக்குக் குறைந்த கடை, மருந்தகம், சிறிய அச்சகம் ஆகியவற்றில் வேலை செய்தவர்கள் பணிக்கொடைக்கும் இங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். "சின்ன இடம், நமக்கெல்லாம் கிராஜுவிட்டி இல்லை" என்று சொல்லியே பல பேரை அனுப்பியிருக்கிறார்கள்.

நட்டஈட்டுக்கு இங்கே அந்த 25 இலட்சக் கூரை இல்லை. கூடிய சம்பளக்காரர், நீண்ட சேவை, அநியாயமாகக் குற்றம் சுமத்தப்பட்டவர் ஆகியோருக்கு அதனால் இது பெரிய வழி. கம்பனி மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்தாலும், கொடுக்கச் சொன்ன தொகைக்கு ஈடாகக் காசுப் பிணை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். வெறுமனே இழுத்தடிக்கும் ஆசையை அந்த ஏற்பாடு கொஞ்சம் அடக்கும்.

விலை, காலம்தான். தவணை, ஒத்திவைப்பு, தலைவர் மாற்றம், சாட்சி வரவில்லை, மீண்டும் தவணை. ஒவ்வொரு தவணைக்கும் புதிய வேலையில் ஒரு நாள் லீவு எடுக்க வேண்டும். "எங்கே போகிறீர்கள்?" என்று புதிய முதலாளி கேட்பார். அந்தக் கேள்விக்குச் சொன்ன பொய்களை என் நண்பர் ஒருவர் பட்டியலே போட்டு வைத்திருந்தார், மாமியாரை நாலு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். இடையில் வேறு வேலையில் சம்பாதித்ததும் நட்டஈட்டுக் கணக்கில் கேட்கப்படும். வழக்கு முடியும்போது அந்தப் பழைய வேலை இருக்குமா, நீங்கள் அதை விரும்புவீர்களா என்பதெல்லாம் வேறு.

அதனால் வெறும் பணத்துக்காக நியாய சபைக்குப் போகாதீர்கள் என்பது என் கருத்து, பணம் வரும் என்றாலும்கூட. பெயரில் ஒரு கறையைப் பூசி அனுப்பியிருக்கிறார்கள், அதைத் துடைக்காமல் அடுத்த வேலைக்கே போக முடியாது என்றால் போங்கள். கணக்காளருக்கும் காசாளருக்கும் அது பல தடவை உயிர்ப் பிரச்சினை.

இரண்டு வேஷங்கள்

ஆட்குறைப்பு சில நேரம் வேறு உடுப்பில் வரும். 54 வயதுக்காரருக்கு "ஓய்வு பெறும் வயதாகிவிட்டது" என்று கடிதம் தருவார்கள். 2021-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு 15 பேருக்குக் குறையாத இடத்தில் அப்படி அனுப்ப முடியாது. அந்தச் சட்டம் வந்தபோது 52 வயதை எட்டாதிருந்தவருக்கு 60 வரை வேலை செய்யும் உரிமை உண்டு. கர்ப்பிணிக்கு "உங்கள் பிரிவையே மூடுகிறோம்" என்பார்கள், அவரைத் தவிர அந்தப் பிரிவில் எல்லாரும் இருப்பார்கள். கர்ப்பத்தைக் காரணமாக வைத்து நிறுத்துவது தனியாகவே தடைசெய்யப்பட்டது. இரண்டிலும் கையெழுத்திடாமல் நேரே தொழில் அலுவலகத்துக்குப் போங்கள், பேரத்தில் நேரம் போக்க வேண்டாம்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றால்?

கதவு முழுதாக மூடவில்லை, ஆனால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக மூடுகிறது. அறைக்குள் எத்தனை பேர் இருந்தார்கள், எவ்வளவு நேரம் வைத்திருந்தார்கள், "போடாவிட்டால் சான்றிதழ் தரமாட்டோம்" என்று யார் சொன்னார், வாசல் அட்டை எத்தனை மணிக்குச் செயலிழந்தது என்று எல்லாவற்றையும் அன்றிரவே எழுதி வையுங்கள். அடுத்த நாளே, வற்புறுத்தலில் கையெழுத்திட்டேன், அது என் சம்மதம் அல்ல என்று பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒரே அச்சில் அடித்த கடிதத்தில் ஒரே நாளில் பதினைந்து பேர் ‘சொந்த விருப்பத்தில்’ விலகினால் அது தானே பேசும். மற்றவர்களின் கடிதங்களையும் படமெடுத்து வைப்பது அதற்காகத்தான். ஆனால் பணத்தை வாங்கி மூன்று மாதம் செலவழித்துவிட்டு வற்புறுத்தினார்கள் என்றால் கேட்பவர் புருவத்தை உயர்த்துவார்.

நான் போட்டேனா என்று கேட்பீர்கள். அன்று போடவில்லை. பத்து நாள் கழித்து, ஏழு மாதச் சம்பளமும் தனி வரியில் பணிக்கொடையும் எழுதி வந்த கடிதத்தில் போட்டேன். சூத்திரப்படி இன்னும் கூட வந்திருக்கும், ஆனால் அப்போது வீட்டில் ஒரு சத்திரசிகிச்சை இருந்தது.

என் பிரிவிலேயே இருந்த இன்னொருவருக்கு இராஜினாமாக் கடிதமே கொடுக்கவில்லை. "வீட்டில் இருங்கள், ஜூனில் கூப்பிடுகிறோம்" என்றார்கள். அவரும் இருந்தார். மாதா மாதம் கோல் எடுத்து விசாரித்தார், அவர்களும் மரியாதையாகப் பதில் சொன்னார்கள். ஓகஸ்ட்டில் என்னிடம் வந்து திகதியைச் சொன்னபோது விரல் விட்டு எண்ணினோம். ஆறு மாதம் கழிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது.